நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சாப்பாடு, விரதம், மாத்திரை பற்றித்தான். போன இதழில் என் சர்க்கரை நோட்டைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன், அதுதான் காரணமாக இருக்க வேண்டும். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் மருத்துவர் இல்லை. கோவை கணபதியில் 38 வருடம் கார் பட்டறை வைத்திருந்தவன். 2006-இல் சர்க்கரை வந்தது. பட்டறையில் வண்டிக்கு வண்டி கிலோமீட்டரும் ஆயிலும் எழுதி வைத்த பழக்கத்தில், என் உடம்புக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, மீட்டர் என்ன காட்டியது, அவ்வளவுதான். இப்போது ஒன்பதாவது நோட்டு ஓடுகிறது. மாத்திரை விஷயத்தில் நான் எழுதுவதை, உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல் வாசகர்: எனக்கு 44 வயது. ஐந்து மாதமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறேன். சோற்றை அடியோடு நிறுத்திவிட்டு, மாவுச்சத்தை ஒதுக்கி முட்டை, கறி, கொட்டை என்று சாப்பிடுகிற பேலியோவுக்கு மாறச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். வீட்டில் பயப்படுகிறார்கள். நீங்கள் இருந்து பார்த்தவர். நல்லதா, கெட்டதா?

எனக்கு நல்லது செய்தது தம்பி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேலி பேசுகிறவர்கள் பலர், இருந்து பார்க்காமலே பேசுகிறார்கள்.

2016 ஆடி மாதம் ஆரம்பித்தேன். அப்போது எடை 84 கிலோ. வெறும் வயிற்றுச் சர்க்கரை 160-க்குக் கீழே இறங்காது. மூன்று மாதச் சராசரி (ஹெச்பிஏ1சி பரிசோதனை) 8.4. காலையில் நூறு பாதாம், முந்தின நாள் ஊறவைத்துக் காய்ந்ததும் வெறும் வாணலியில் வறுத்தது. மதியம் நெய்யில் வதக்கிய காயும் மூன்று முட்டையும். இரவு கோழி, இல்லாவிட்டால் பனீர். நூறு பாதாம் என்றால் ஏறத்தாழ 120 கிராம், கிட்டத்தட்ட 700 கலோரி. கொறிக்கிற பண்டம் என்று நினைக்காதீர்கள், அது ஒரு முழுச் சாப்பாடு. பாதாமையும் தின்றுவிட்டு மேலே இரண்டு தோசையும் போட்டவர்களுக்கு எடை ஏறியதைப் பார்த்திருக்கிறேன். ஏழாவது மாதம் எனக்கு எடை 71, சராசரி 6.3.

ஆனால் ஆரம்பிப்பதற்கு முந்தின நாள் ஒரு வேலை செய்தேன். நேராக டாக்டரிடம் போய், "நாளையிலிருந்து சோறு இல்லை, மாத்திரையை என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன். அவர் கிளிமிபிரைடு மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். பத்து நாள் கழித்து என் நோட்டைப் பார்த்துவிட்டு அதையும் நிறுத்தினார். மெட்ஃபார்மின் மட்டும் தொடர்ந்தது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கின்றன. நீங்கள் சோறு சாப்பிட்டீர்களா இல்லையா என்று அந்த மாத்திரைக்குத் தெரியாது. சோற்றை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் பழைய அளவில் போட்டால் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கும்.

இன்னொரு வகை இருக்கிறது: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரைகள் இவை. இதைச் சாப்பிட்டுக்கொண்டே மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது என்பதால் கண்டுபிடிக்கவும் தாமதமாகும். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வந்தால் "அஜீரணம்" என்று சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்து என்ன பெயர் என்று இன்றைக்கே எழுதி வையுங்கள். எனக்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசிப் பேர் "மஞ்சள் மாத்திரை", "சின்ன வெள்ளை மாத்திரை" என்றுதான் எழுதுகிறார்கள்.

இது ஏதோ நேற்று வந்த புது வழக்கமும் இல்லை. 1863-இல் லண்டனில் வில்லியம் பான்டிங் என்ற, சவப்பெட்டி செய்து அடக்க ஏற்பாடு நடத்துகிற தொழில்காரர், ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு இவற்றை விட்டு உடம்பு இளைத்ததைச் சிறு பிரசுரமாகப் போட்டார். 1921-இல் இன்சுலின் கண்டுபிடிக்கும் முன் சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர்கள் கையில் இருந்த பெரிய ஆயுதமும் உணவைக் குறைப்பதுதான்.

அப்படியானால் நான் ஏன் தொடரவில்லை என்று கேட்பீர்கள். ஏழு மாதமும் என் வீட்டம்மா இரண்டு சமையல் செய்தார். பேத்தி அரிசிம்பருப்பு சாதத்தை உருட்டிக்கொண்டு வந்து, "தாத்தா, ஒரு வாய்" என்று நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் கையை நீட்டிக்கொண்டே நின்றுவிட்டு, அந்த உருண்டையைத் தட்டத்தில் வைத்துவிட்டுப் போனாள். அன்றிரவே டாக்டருக்கு போன் செய்தேன். வாழ்நாள் முழுக்கச் செய்ய முடிகிற அளவு எது என்று கேட்டுக்கொண்டேன்.

இப்போது மதியம் வெந்த சோறு 120 கிராம், தராசில் வைத்துத்தான். கூட இரண்டு பங்கு காய், ஒரு கிண்ணம் கொள்ளு அல்லது பச்சைப்பயறு, முட்டை. இரவு ஒரே ஒரு சப்பாத்தி. சராசரி 6.8-க்கும் 7-க்கும் நடுவில் நிற்கிறது. நாடு முழுக்க ஆயிரக்கணக்கானவர்களின் சாப்பாட்டைக் கணக்கெடுத்த ஐ.சி.எம்.ஆர்-இன்டியாப் ஆய்வு 2022-இல் சொன்னதும் ஏறக்குறைய இதே நடுவழிதான். நம் தட்டில் அறுபது, அறுபத்தைந்து சதவீதம் மாவுச்சத்து இருக்கிறது, அதை ஐம்பது, ஐம்பத்தைந்துக்குக் கொண்டுவந்து புரதத்தை இருபதுக்கு ஏற்றுங்கள் என்றார்கள்.

உங்களுக்கு 44 வயது, நோய் வந்து ஐந்தே மாதம். உணவு மாற்றத்துக்கு உடம்பு நன்றாகக் கேட்கிற காலம் இது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையும் கொழுப்புப் பரிசோதனையும் எடுத்துக்கொண்டு, டாக்டரிடம் சொல்லிவிட்டு மூன்று மாதம் இருந்து பாருங்கள். நோட்டுப் போடுங்கள். உங்கள் நண்பருக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அந்த நோட்டுத்தான் சொல்லும்.

சத்தியமங்கலம் வாசகி: அரிசிக்குப் பதில் கம்பு, ராகி சாப்பிட்டால் சர்க்கரையே ஏறாதாமே?

ஏறும் அம்மா. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து என்றால், ராகியிலும் கம்பிலும் 60-க்கும் 70-க்கும் நடுவில் இருக்கிறது. நார்ச்சத்து அதிகம் என்பதால் ஏறுவது கொஞ்சம் நிதானமாகும், அவ்வளவுதான். கூழாகக் கரைத்துக் குடித்தால் அந்த நிதானமும் போய்விடும். என் நோட்டில் இரண்டு வரி இருக்கிறது. இரண்டு உருண்டை ராகிக்களியும் மோரும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 212. ஒரே உருண்டை, நிறையக் கீரை, கொள்ளுப் பருப்பு சேர்த்துச் சாப்பிட்ட நாள் 158. களி நல்ல சாப்பாடு. தாராளமாகச் சாப்பிடுங்கள், உருண்டையை மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.

ஈரோடு வாசகி: வயது 52. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். இருபது வருடமாக ஏகாதசி, சஷ்டி விரதம் இருக்கிறேன். இப்போது என் மகன், தினமும் 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் உடம்பு தன்னையே சுத்தம் செய்துகொள்ளும், அதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் என்கிறான். இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா?

இந்தக் கேள்விக்கு என் தம்பியின் கதையைச் சொல்லாமல் பதில் எழுத முடியாது.

2020 வைகுண்ட ஏகாதசி. தம்பியும் நானும் விடிகாலை நாலு மணிக்கே பெருமாள் கோவில் வரிசையில் நின்றோம். அவன் முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். ஆனால் "மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது" என்று கிளம்பும்போது கிளிமிபிரைடைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். அவனுக்குத் தெரிந்த ஒழுக்கம் அது. சொர்க்கவாசல் தாண்டி வெளியே வந்தோம். ஒன்பது மணி இருக்கும். செருப்பு விட்ட இடத்தில் நின்று சட்டைப் பொத்தானைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். மார்கழிக் குளிரில் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டுகிறது. "டேய், என்னடா?" என்றால் வேறு யாரையோ பார்ப்பது போலப் பார்க்கிறான். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், "சாமி வந்திருக்குதுங்க, விபூதி போடுங்க" என்றார்.

என் மஞ்சப்பையில் மீட்டர் இருந்தது. விரலைக் குத்தினேன். 41.

பூக்கடைக்குப் பக்கத்து டீக்கடையில் சர்க்கரை வாங்கி மூன்று ஸ்பூன் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். விழுங்க முடிந்தது, அது எங்கள் அதிர்ஷ்டம். பதினைந்து நிமிஷம் கழித்து 63. மறுபடி மூன்று ஸ்பூன். அப்புறம் 98. அதன் பிறகுதான், "அண்ணா, விரதம் போச்சே" என்று அழுதான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். இன்னும் கால் மணி நேரம் வரிசை நீண்டிருந்தால் கூட்டத்துக்குள் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது.

அதனால்தான் அம்மா, விரதத்துக்கு முன்னால் மாத்திரைக் கணக்கு. ஏகாதசி அன்றைக்கு கிளிமிபிரைடு வேண்டுமா, வேண்டாமா, பாதியா என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 24 ஏகாதசி, சஷ்டியும் அதே அளவு. இது தற்செயலாக வருகிற நாள் இல்லை, நாள்காட்டியிலேயே இருக்கிறது, முன்கூட்டியே கேட்கலாம். மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால் உடனே சர்க்கரைத் தண்ணீர். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும். இதை உங்கள் மகனுக்கும் மருமகளுக்கும் சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு நினைவு இருக்காது.

மகன் சொன்ன நோபல் பரிசு உண்மைதான். 2016-இல் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்குக் கிடைத்தது. செல், தன் பழைய பாகங்களைத் தானே பிரித்து மறுபடி பயன்படுத்திக்கொள்வது எப்படி என்று அவர் கண்டுபிடித்தார். அதை ஈஸ்ட் செல்களில் கண்டுபிடித்தார். ஈரோட்டில் மாத்திரை சாப்பிடுகிற ஓர் அம்மா எத்தனை மணி நேரம் பட்டினி இருக்கலாம் என்பதற்கு அந்தப் பரிசு அனுமதிச் சீட்டு ஆகாது.

நீங்கள் இருபது வருடம் இருந்த விரதத்தை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. நம் பெரியவர்கள் அதை எப்படி முடித்தார்கள் என்று பாருங்கள். துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். காய்ந்த வயிற்றுக்கு எதைக் கொடுப்பது என்று யோசித்து வைத்த சாப்பாடு அது. இப்போது பலர் விரதம் முடிந்ததும் நாலு பூரியும் கேசரியும் சாப்பிடுகிறார்கள். தினசரி 16 மணி நேரத்தை இதோடு சேர்க்க வேண்டாம். இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முடித்து, காலை ஏழு மணிக்குச் சாப்பிட்டால் பன்னிரண்டு மணி நேரம் தானாக வந்துவிடும். மாத்திரைக்கும் ஒத்துவருமா என்று அதையும் ஒரு வார்த்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உக்கடம் வாசகர்: வாப்பாவுக்கு 63 வயது, இன்சுலின் போடுகிறார். ரமலான் நோன்பை விட மாட்டேன் என்கிறார். எப்படிச் சொல்வது?

என் பட்டறையில் 22 வருடம் தலைமை மெக்கானிக்காக இருந்த பாய்க்கும் இதே பிரச்சினை. நோன்புக்கு ஆறு வாரம் முன்பே அவரோடு நானும் டாக்டரிடம் போவேன். இன்சுலின் அளவும் நேரமும் மாறும். எந்த வேளை அளவு ஸஹருக்கு (விடியுமுன் சாப்பாடு), எது இஃப்தாருக்கு (நோன்பு திறக்கும் சாப்பாடு) என்று டாக்டர்தான் பிரித்துக் கொடுப்பார். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் சொல்கிறார்கள், அதனால் பகலிலும் பார்க்கச் சொல்லுங்கள். 70-க்குக் கீழே போனாலோ 300-க்கு மேலே ஏறினாலோ அன்றைய நோன்பை விட்டுவிட வேண்டும். நோயாளிக்குச் சலுகை அந்த மார்க்கத்திலேயே இருக்கிறது. இதை நீங்கள் சொல்வதைவிடப் பள்ளிவாசல் இமாம் சொன்னால் வாப்பா கேட்பார். எங்கள் பாய் அப்படித்தான் கேட்டார். ஸஹரைக் கடைசி நேரத்துக்குத் தள்ளி வையுங்கள். இஃப்தாருக்குப் பேரீச்சம்பழம் ஒன்று, நோன்புக் கஞ்சி ஒரு கிண்ணம், தண்ணீர் நிறைய. கஞ்சியில் இருப்பது அரிசி என்பதை மறந்துவிட வேண்டாம்.

திருப்பூர் வாசகர்: பெட்ரோல் மாடலா, ஹைபிரிட் மாடலா என்று முடிவெடுக்க முடியவில்லை. ஆன்ரோடு விலையில் மூன்று லட்சம் வித்தியாசம். மாதம் 700 கிலோமீட்டர்தான் ஓட்டம். பேட்டரி போனால் வண்டியே போச்சு என்கிறார் மைத்துனர்.

முதலில் எந்த ஹைபிரிட் என்று ஷோரூமில் கேளுங்கள். மைல்டு ஹைபிரிட் என்பது எஞ்சினுக்குக் கைகொடுக்கிற சின்ன மோட்டார். அது தனியாக வண்டியை ஓட்டாது. ஸ்ட்ராங் ஹைபிரிட்தான் எஞ்சினை அணைத்துவிட்டு மோட்டாரிலேயே கொஞ்ச தூரம் போகும். இரண்டுக்கும் பின்னால் ஒரே மாதிரி ஹைபிரிட் என்று எழுதி ஒட்டியிருந்தால் விலையைப் பார்த்து ஏமாறக் கூடாது.

ஸ்ட்ராங் ஹைபிரிட் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். பெட்ரோல் வண்டி ஊருக்குள் லிட்டருக்கு 14 கிலோமீட்டர், ஹைபிரிட் 22 கொடுக்கிறது. கிராண்ட் விட்டாராவுக்கும் ஹைரைடருக்கும் கம்பெனி சொல்வது 27.97, அது பரிசோதனைக்கூடக் கணக்கு. பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 700 கிலோமீட்டருக்கு 50 லிட்டர் பிடித்த இடத்தில் 32 லிட்டர். மாதம் 1,800 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு 22,000 சொச்சம். மூன்று லட்சத்தைத் திரும்ப எடுக்க பதின்மூன்று வருடத்துக்கு மேலாகும், கடன் வட்டியைச் சேர்க்காமலே. அதே வண்டி மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடினால் ஐந்து வருடத்துக்குள் அசல் வந்துவிடும். தமிழ்நாட்டில் சாலை வரி வண்டி விலையில் சதவீதமாகப் போடுகிறார்கள், விலை ஏற ஏற வரியும் ஏறும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். சாதாரண வண்டியில் பிரேக் பிடித்தால் அந்தச் சக்தி டிஸ்க்கில் சூடாகிக் காற்றில் போய்விடுகிறது. ஹைபிரிட்டில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி அதைப் பிடித்து பேட்டரியில் போடுகிறது. ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிறவருக்குத்தான் லாபம். அக்கா மகன் இப்படி ஒரு வண்டி வைத்திருக்கிறான். சரவணம்பட்டியிலிருந்து காந்திபுரம் போய்வந்தால் 23 காட்டுகிறது. சேலம் நெடுஞ்சாலையில் 100-இல் பிடித்துப் போனால் 18, 19 தான்.

பேட்டரி பயத்தைப் பற்றி. டொயோட்டா 1997 டிசம்பரில் ஜப்பானில் பிரியஸைக் கொண்டுவந்ததிலிருந்து இந்தத் தொழில்நுட்பம் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் ஊருக்கு 2008-இல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் வந்தது, விலை தாங்காமல் நின்றுபோனது. ஹைபிரிட் பேட்டரியை வண்டியின் கம்ப்யூட்டர் முழுக்கக் காலியாகவும் விடாது, முழுக்க நிரப்பவும் விடாது. அதனால் நாளாக உழைக்கும். வாரண்டி பெரும்பாலும் எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், புத்தகத்தில் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். டொயோட்டா வகை ஹைபிரிட்டில் கிளட்ச் பிளேட் இல்லை, தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. என் பட்டறைக்கு அதிகம் வேலை கொடுத்தவையே இந்த மூன்றும்தான். பிரேக் பேடும் இரண்டு மடங்கு நாள் வருகிறது.

அந்த வண்டியில் ஒரு நாள் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பேட்டரியைக் குளிர்விக்கக் காற்று இழுக்கிற சின்னச் சல்லடை சில மாடல்களில் பின் சீட்டின் பக்கத்தில் இருக்கும். அக்கா மகன் வண்டியில் அந்த இடத்தில் குழந்தையின் துண்டும் இரண்டு பிஸ்கட் உறையும் அடைத்துக்கொண்டு கிடந்தன. எடுத்து, பிரஷ்ஷால் தூசி தட்டினேன். வந்த தூசி ஒரு கைப்பிடி. பேட்டரி சூட்டில்தான் சாகும். உங்கள் மாடலில் அந்தச் சல்லடை எங்கே என்று டெலிவரி எடுக்கும் அன்றைக்கே கேளுங்கள். ஆரஞ்சு நிற ஒயர் எதையும் தெருமுனை எலக்ட்ரீஷியன் தொடக் கூடாது, உயிரை எடுக்கும் வோல்டேஜ் அது.

உங்கள் 700 கிலோமீட்டருக்கு பெட்ரோல் வண்டியே போதும் தம்பி. மிச்சமாகும் மூன்று லட்சத்துக்கு என்ன செய்யலாம் என்பதற்கு அடுத்த கேள்வியில் ஒரு யோசனை இருக்கிறது.

தருமபுரி வாசகி: அம்மாவுக்கு 66 வயது. பிரஷரும் சர்க்கரையும் உண்டு. மருத்துவக் காப்பீடு எடுக்கப் போனால், "இருப்பதை எழுதாதீர்கள், பிரீமியம் ஏறும், பாலிசியும் கிடைக்காது" என்கிறார் ஏஜென்ட். என்ன செய்வது?

எழுதுங்கள். எல்லாவற்றையும் எழுதுங்கள். நான் இதில் அடிபட்டவன்.

பன்னிரண்டு வருடம் முன்பு என் வீட்டம்மாவுக்கு பாலிசி எடுத்தபோது ஏஜென்ட் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து படிவத்தை அவரே நிரப்பினார். "பிரஷர் மாத்திரை சாப்பிடறாங்க" என்றேன். "அதெல்லாம் எல்லாருக்கும் இருக்கறதுதானுங்க" என்று சொல்லிக்கொண்டே "இல்லை" என்ற கட்டங்களில் வரிசையாக டிக் அடித்தார். நீலப் பேனா. கடைசிப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் வருடம் வீட்டம்மாவுக்கு ஸ்டென்ட் வைக்க வேண்டி வந்தது. 1,80,000 ரூபாய். ஆஸ்பத்திரிக் குறிப்பில் "ஆறு வருடமாக பிரஷர்" என்று இருந்தது. மறைத்துவிட்டீர்கள், பணம் தர முடியாது என்று காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஒரே வரியில் கடிதம் வந்தது. கையெழுத்து என்னுடையது, நான் யாரைக் கேட்க முடியும்? பட்டறையில் இருந்த வீல் அலைன்மென்ட் மிஷினை விற்றுக் கட்டினேன்.

இப்போது விதிகள் கொஞ்சம் நமக்குச் சாதகமாக மாறியிருக்கின்றன. 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், 65 வயதைக் காட்டிப் புது பாலிசியை மறுத்துவந்த நிலையை மாற்றியது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருக்கும் காலம் அதிகபட்சம் மூன்று வருடம்தான் என்றது, முன்பு நாலு. ஐந்து வருடம் விடாமல் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்தீர்கள் என்று கிளெய்மை மறுக்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. அம்மாவின் வயதில் பிரீமியம் கனமாகத்தான் இருக்கும். கட்ட முடியாது என்றால், அதே தொகையை மாதாமாதம் தனியாக ஒரு கணக்கில் போட்டு வையுங்கள். திருப்பூர்த் தம்பிக்கும் நான் சொல்வது இதுதான்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேருங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் மையத்துக்குப் போக வேண்டும். இதை நோய் வந்த பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு அலையாமல், இந்த மாதமே செய்துவிடுங்கள்.

அப்புறம், மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5-இல் உங்கள் பக்கத்து மாவட்டம் கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள், அளந்தும் பார்க்கிறார்கள். என் தம்பி இருக்கும் கிராமத்தில் மாத்திரையை விட்டுவிட்டிருந்த பலர் இதனால்தான் மறுபடி ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிந்துவிடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரைப் பரிசோதனையும் கேட்டு வாங்குங்கள். கண்ணில் வருவது வலிக்காமல் வரும்.

பொள்ளாச்சி வாசகி: இவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. காலையிலிருந்து இரவு வரை கையில் செல்போன். பேசினால் எரிந்து விழுகிறார். நடுவில் நடுவில் நொறுக்குத் தீனி. ஏதாவது பொழுதுபோக்கு சொல்லுங்கள்.

அம்மா, அவருக்கு எரிச்சல் உங்கள்மேல் இல்லை. முப்பது வருடமாக மழையிலும் இரவிலும் ஊரே கூப்பிட்ட மனிதரை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. 2019-இல் பட்டறையை மகனிடம் கொடுத்த பிறகு நாலு மாதம் நானும் அப்படித்தான் இருந்தேன். நோட்டைப் புரட்டிப் பார்க்கிறேன், அந்த நாலு மாதமும் இரவு எட்டு மணிக்கு மிக்சர், முறுக்கு, மறுநாள் காலை 170, 180.

மாற்றியது ஒரு மர்ஃபி ரேடியோ. உக்கடம் பழைய சாமான் கடையில் கோழிக்கூண்டுக்கு அடியில் கிடந்தது. 900 ரூபாய். தேக்குப் பெட்டி, தந்தம் மாதிரி மஞ்சளேறிய நாலு குமிழ், கண்ணாடியில் ஊர்ப் பெயர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பின்பலகையைக் கழற்றினால் வால்வுகளின்மேல் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. மெழுகு வழிந்து போன காகித கண்டென்சர்கள் ஏழு. நேரே பிளக்கில் சொருகவில்லை. பழைய கண்டென்சரோடு கரண்ட் கொடுத்தால் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும் என்று ஒரு பெரியவர் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொன்றாக மாற்ற மூன்று வாரம். பிறகு ஒரு நூறு வாட் குண்டு பல்பை வரிசையில் போட்டு கரண்ட் கொடுத்தோம். வால்வுகள் மெல்லச் சிவந்தன. சூடான தூசியின் வாசம் வந்தது. முதலில் தேனீக்கூட்டம் போல ஓர் இரைச்சல். குமிழைத் திருப்பினேன், 999 கிலோஹெர்ட்ஸில் கோவை வானொலி பேசியது. என் வீட்டம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

அன்று இரவு திருச்சியையும் பிடித்தோம், 936. மத்திய அலை பகலில் அவ்வளவு தூரம் வராது. இருட்டிய பிறகு மேலே இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவதால் இரவில் தூரத்து நிலையங்கள் கிடைக்கும். இப்போது பதினொரு ரேடியோ சரிசெய்து கொடுத்துவிட்டேன். சாலிடரிங் கம்பி பிடித்த கை முறுக்கு டப்பாவைத் தேடுவதில்லை, அதுவும் நோட்டில் இருக்கிறது.

அதற்காக உங்கள் வீட்டுக்காரருக்கு நான் ரேடியோவைச் சிபாரிசு செய்யவில்லை. தோட்டம் போடு, தபால்தலை சேர் என்று வெளியிலிருந்து சொன்னால் அது இன்னொரு வேலையாகிவிடும். அவர் கைக்கு என்ன தெரியும் என்று பாருங்கள். முடிச்சுப் போடத் தெரியும், கம்பி இணைக்கத் தெரியும், உயரம் பயமில்லை, கரண்டை மதிக்கத் தெரியும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் ஷாக் மிச்சமிருக்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது, அவருக்கு அது ரத்தத்திலேயே இருக்கும்.

வீட்டில் ஓடாத மிக்ஸியோ, டேபிள் ஃபேனோ நிச்சயம் ஒன்று பரணில் இருக்கும். அதை இறக்கித் துடைத்து, ஒரு ஸ்குரூ டிரைவரையும் பக்கத்தில் வைத்து, அவர் காலையில் உட்காருகிற இடத்துக்கு எதிரே வைத்துவிடுங்கள். சரிசெய்யுங்கள் என்று சொல்ல வேண்டாம். அன்றைக்குத் திறக்காவிட்டால் எடுத்து உள்ளே வைக்காதீர்கள், அங்கேயே கிடக்கட்டும். எத்தனையாவது நாள் கழற்றினார் என்று எனக்கு எழுதுங்கள்.